காற்று வந்த பக்கம்

என் கையை உதறிவிட்டு அவர் இறங்கிக்கொண்டே இருந்தார்.

பின்னாலிருந்து சட்டையைப் பிடித்தேன். வியர்வையில் ஊறிப்போன துணி, விரலுக்குள் நிற்காமல் வழுக்கியது. என் துப்பட்டாவைக் காரைமுள் ஒரு பக்கம் இழுத்தது, அவர் ஒரு பக்கம் இழுத்தார். காலடியில் சரளைக்கற்கள் உருண்டு எங்களுக்கு முன்னால் பள்ளத்தில் போய் விழுந்தன. விழுந்த சத்தம் கொஞ்சம் பொறுத்துத்தான் கேட்டது.

"ஏங்க, நில்லுங்க. செத்த உக்காருங்க. உங்களுக்கு ஷுகர் எறங்கிடுச்சி."

"வுடு."

அவ்வளவுதான் பதில். முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியதில் அவர் என்னிடம் கத்தியிருக்கிறார், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருக்கிறார், வாரக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறார். ஆனால் இந்தக் குரலை நான் கேட்டதில்லை. பஸ்ஸில் மேலே வந்து இடிக்கிறவனிடம் சொல்கிற குரல் அது.

சர்க்கரை இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதலில் வியர்க்கும், கை நடுங்கும், காரணமில்லாமல் கோபம் வரும். அந்த நேரத்தில் இனிப்பாக ஏதாவது உள்ளே போனால் கால் மணி நேரத்தில் மனிதர் சரியாகிவிடுவார். போகாவிட்டால் மயங்கி விழுவார். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும் என்று டாக்டர் என் எதிரிலேயே சொல்லியிருக்கிறார். அப்புறம் ஊசிதான், ஆஸ்பத்திரிதான். எங்களைச் சுற்றிக் கல்லும் முள்ளும்தான் இருந்தன. வெளிச்சமும் குறைந்துகொண்டே வந்தது.

மேடு பார்க்காத ஊர்

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் பாண்டிச்சேரிக் கடற்கரை நடைக் கூட்டத்தைப் பற்றி எழுதியதில், அந்தக் கூட்டத்திலேயே இரண்டு பேர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தட்டும். காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரைக்கும் நடந்துவிட்டு, திரும்பி வரும்போது ஆளுக்கு இரண்டு வடை சாப்பிடுகிறவர்களை நடைக்காரர்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்தக் கூட்டத்தில்தான் இந்த மலைப் பேச்சு ஆரம்பித்தது. ஒருவர் பர்வதமலை ஏறிவிட்டு வந்து ஒரு மாதம் அதையே பேசினார். இவருக்கு அது பொறுக்கவில்லை. இவர் என்றால் என் வீட்டுக்காரர், தணிகாசலம். மின்சாரத் துறையில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். சாரத்திலிருந்து உப்பளம் வரைக்கும் எந்தச் சந்தில் எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று சொல்வார். தன்னைப் போல நடந்தவன் பாண்டிச்சேரியிலேயே இல்லை என்பது அவருடைய எண்ணம்.

நடந்தார்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அத்தனையும் தட்டையான தரை. எங்கள் ஊரில் உயரமான இடம் என்று சொன்னால் கோரிமேட்டைக் காட்டுவோம். அதில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறியதையே சாதனையாகச் சொல்லிக்கொள்கிற ஜனம் நாங்கள்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போவது அவர் வீட்டு வழக்கம். பெயரே அங்கிருந்து வந்ததுதான். இந்தத் தடவை கிருத்திகை முடிந்த மறுநாளும் லாட்ஜில் தங்குவோம் என்றார். பக்கத்தில், ஆந்திரா எல்லையில், காடு மூடிய ஒரு சின்ன மலை இருக்கிறதாம். உச்சிப் பாறையில் நின்றால் இரண்டு மாநிலமும் தெரியுமாம். லாட்ஜ்காரர் சொல்லியிருக்கிறார்.

"எல்லைய பாக்க மலை ஏறணுமா? மதகடிப்பட்டு பஸ்ல ஏறி உக்காந்தா எத்தினி எல்லை வேணும்னாலும் பாக்கலாமே" என்றேன்.

இது கேலி இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு தெருவின் இந்தச் சாரி புதுச்சேரி, அந்தச் சாரி தமிழ்நாடு. என் சித்தி வீட்டில் சமையலறை ஒரு மாநிலம், மாட்டுக்கொட்டகை ஒரு மாநிலம் என்று சொல்லிச் சிரிப்போம். எல்லை என்றால் எங்களுக்குப் பயமே கிடையாது. அந்தப் பயமின்மைதான் அன்றைக்கு எங்களை அங்கே கொண்டுபோய் விட்டது என்றும் சொல்லலாம்.

கடல் பக்கம்

எங்களிடம் வழி கேட்டுப் பாருங்கள். கிழக்கு, மேற்கு என்று பழைய ஊர்க்காரர் யாரும் சொல்ல மாட்டோம். "கடல் பக்கமா போங்க, ரெண்டாவது தெரு" என்போம். பீரோவைக்கூடக் "கடல் பக்கம் தள்ளி வை" என்றுதான் சொல்வோம். கடல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் காலையெல்லாம் மேற்கேயிருந்து மேல்காற்று வீசி உடம்பைக் காய வைக்கும். மதியச் சாப்பாடு முடிகிற நேரத்தில் திடீரென்று காற்று திரும்பும். ஈரமாக, குளிர்ச்சியாக வரும். கடல் காற்று வந்துவிட்டது என்று பெண்கள் ஜன்னலைத் திறப்போம்.

இந்தப் பழக்கத்தால் இவர் ஒருமுறை மாட்டியிருக்கிறார். புதுச்சேரி அரசாங்க வேலை என்றால் காரைக்கால், மாஹே, ஏனாம் என்று எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடுவார்கள். கல்யாணமான புதிதில் மாஹேக்குப் போட்டார்கள். அங்கே கடல் மேற்கில் இருக்கிறது. கிழக்குப் பார்த்த வாசல் உள்ள வீடாகப் பிடியுங்கள் என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். கடலைப் பார்த்த வாசலாகப் பிடித்து முன்பணமும் கொடுத்துவிட்டு வந்தார். சாயங்கால வெயில் நேராக அடுப்பங்கரைக்கு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. வருஷம் முழுக்க அந்த வெயிலில் வெந்தவள் நான்.

அப்புறம் ஏனாமிலும் இருந்தோம். அங்கே நான் கற்ற தெலுங்கு, மீன்காரியோடு சண்டை போடுகிற அளவுக்கு மட்டும்தான்.

உச்சியில்

கிருத்திகைக் கூட்டம் வடிந்த மறுநாள், காலைப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு வாடகைக் காரில் மலையடிக்குப் போனோம். போகிற வழியில் டயர் பஞ்சராகி, வெட்டவெளியில் வெகுநேரம் நின்றோம். ஏற ஆரம்பித்தபோது உச்சி வேளை தாண்டிவிட்டது. டிரைவர் ஆரோக்கியம் எங்கள் தெருப் பையன்தான், பையன் என்றாலும் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். "சார், நாளைக்கி காலையில ஏறலாமே" என்றான். சார் கேட்பாரா?

சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். "இது மலையா? மேடு. போனதும் வந்துடுவோம். எறங்கி வந்து சாப்புடலாம்" என்றார். பை காரிலேயே இருந்தது. ஒரு தண்ணீர் பாட்டிலோடு ஏறினோம்.

மலையின் கிழக்குப் பக்கத்திலிருந்துதான் ஏறினோம். ஆடு மேய்ப்பவர்கள் நடந்த தடம், நன்றாகவே தெரிந்தது. மேலே ஏற ஏறத் தடம் நூலாகி, உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் காணாமல் போனது. வானம் முழுக்க மூட்டம். சூரியன் எங்கே நிற்கிறது என்றே சொல்ல முடியவில்லை.

உச்சி என்று கூர்மையாக எதுவும் இல்லை. பெரிய பெரிய பாறைகளும் நடுவில் புதரும் கிடக்கிற ஒரு சமதளம். எல்லாப் பாறையும் ஒரே அச்சு. இரண்டு மாநிலத்தைப் பார்க்கிற ஆசையில் அவர் ஒவ்வொன்றாகச் சுற்றினார், நானும் பின்னாலேயே சுற்றினேன். பார்த்து முடித்து, இறங்கலாம் என்று திரும்பினால், எந்தப் பாறைக்குப் பக்கத்தில் ஏறி வந்தோம் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

அப்போது காற்று வந்தது. முகத்தில் நேராக, சில்லென்று அடித்தது. அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"பாத்தியா, கடல் காத்து வந்துட்டுது. அப்ப இதான் கெழக்கு. காரு இந்தப் பக்கம்தான் நிக்கிது."

எனக்கும் அது சரியாகவே பட்டது. மதியத்துக்கு மேல் குளிர்ந்த காற்று வந்தால் அது கடலிலிருந்து வராமல் வேறு எங்கிருந்து வரும்? கடல் அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம் போகிற தூரம் என்பதும், மலை மேல் ஆடி மாதத்தில் நாள் முழுக்க மேல்காற்றுதான் என்பதும் எங்கள் புத்தியில் ஏறவில்லை. போனில் சிக்னல் இல்லை, வரைபடம் வெறும் பச்சையாக இருந்தது. அதே போனில் திசை காட்டுகிற ஒன்று சும்மாவே கிடக்கிறது என்று என் மகள் பிறகு சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

காற்று வந்த பக்கம் பார்த்து இறங்கினோம். அதாவது மேற்கே, ஆந்திராவுக்குள்.

பழைய பேன்ட்

பாதி இறங்கிய பிறகும் கார் நிற்கிற ரோடு தெரியவில்லை. ஏறும்போது பார்த்த செங்கல் சூளையும் தெரியவில்லை. மரம் அடர்ந்துகொண்டே வந்தது. நாம் வேறு பக்கம் வந்துவிட்டோம், மேலே திரும்பலாம் என்றேன். அவர் இறங்கிக்கொண்டே இருந்தார். சரி, வழக்கமான வீம்பு என்று நினைத்தேன்.

பிறகுதான் அவர் கழுத்தில் வழிந்த வியர்வையைப் பார்த்தேன். குளிர்ந்த காற்றில் அப்படி வியர்க்க வேண்டிய அவசியமே இல்லை. காலையில் வழக்கமான அளவு இன்சுலின் போட்டிருந்தார். இரண்டு இட்லி சாப்பிட்டார். மதியச் சாப்பாடு காரில் இருந்தது. அத்தனையும் ஒரே சமயத்தில் எனக்குப் புரிந்தது.

"கமர்கட் எங்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் பையில் கையை விட்டேன்.

எப்போதும் வலது பையில் கமர்கட் மிட்டாய் இருக்கும். அதை வைக்காமல் நான் அவரை வாசல்படி தாண்ட விட்டதில்லை. அன்றைக்கு மலைக்கென்று மகள் வாங்கிக் கொடுத்த புதுப் பேன்டைப் போட்டிருந்தார். முழங்காலில் ஒரு பை, தொடையில் ஒரு பை, இடுப்பில் ஜிப் வைத்த பை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் காலி. கமர்கட் லாட்ஜ் ஆணியில் தொங்கிய பழைய பேன்டில் இருந்தது.

பாட்டிலில் இருந்த வெறும் தண்ணீரைக் கொடுத்தேன். தட்டிவிட்டார். அது உருண்டு போய்விட்டது.

இங்கேதான் நான் முதலில் சொன்னது நடந்தது. உட்கார வைக்கப் பார்த்தேன், உதறினார். எதிரில் போய் மறித்து நின்றேன், என்னைச் சுற்றிக்கொண்டு இறங்கினார். கால் பின்னுகிறது, நாக்குக் குழறுகிறது, ஆனாலும் நிற்கவில்லை. அப்படி ஒரு அவசரம் அவருக்கு எதற்கு என்று எனக்குப் புரியவே இல்லை. விழுந்துவிடுவார் என்ற பயத்தோடு கோபமும் சேர்ந்துகொண்டது. "எங்கதான் போறீங்க? யாரு கூப்புடறாங்க உங்கள?" என்று கத்திவிட்டேன்.

அவர் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். பார்வை என் முகத்தில் பட்டு நழுவியது.

"யாரும்மா நீங்க?" என்றார்.

நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"வழிய வுடுங்கம்மா. எம் பொண்டாட்டி கீழ தனியா நிக்கிறா."

"பாண்டியா?"

கத்தினேன். தமிழில் கத்தினேன், தெரிந்த தெலுங்கில் கத்தினேன். மலை இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கீழே மரத்துக்கு நடுவில் காக்கி தெரிந்தது. கையில் தடியோடு இரண்டு பேர் மேலே ஏறி வந்தார்கள். வனக் காவலர்கள்.

எனக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. அந்தப் பக்கத்துக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று தமிழ் ஆட்களைப் பிடித்த செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

இளையவன் வந்ததும் வராததுமாக இவர் தோளைப் பிடித்தான். "எவரு மீரு? இக்கட ஏம் பனி?" யார் நீங்கள், இங்கே என்ன வேலை என்று கேட்டான். இவர் அவனைத் தள்ளினார். தள்ளிய வேகத்தில் தானே தடுமாறிப் பாறையில் சாய்ந்தார்.

"எந்த ஊரும்மா?" என்று பெரியவர் தமிழில் கேட்டார். எல்லை ஊர்க்காரர்களுக்கு இரண்டு பாஷையும் வரும்.

"பாண்டிச்சேரிங்க."

"பாண்டியா?" இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இளையவன் கட்டைவிரலை வாய்க்கு நேராகச் சாய்த்துக் காட்டிச் சிரித்தான்.

இந்தச் சைகை எங்களுக்குப் புதிதில்லை. எந்த ஊருக்குப் போனாலும், எங்கள் ஊர் பெயரைச் சொன்னவுடன் சிரிப்பார்கள். "ஒரு பாட்டில் வாங்கிட்டு வரக் கூடாதா?" என்பார்கள். நாங்களும் சிரித்து வைப்போம். என் மாமனார் மில் வேலைக்குப் போய் வந்தவர், தணிகாசலம் அவருக்குப் பிள்ளை, இரண்டு பேரும் வாயில் ஒரு சொட்டு வைத்ததில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? அன்றைக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, அவன் கையில் இருந்த தடியைப் பிடுங்கி அவனையே அடிக்க வேண்டும் போல இருந்தது.

"குடிக்கலைங்க! ஷுகர்! ஷுகர் எறங்கிடுச்சி!"

"அட போம்மா. நடக்கறதப் பாத்தாலே தெரியிது."

பேசிப் பயனில்லை. நான் போய் இவர் சட்டையை மேலே தூக்கினேன். தொப்புளைச் சுற்றி இன்சுலின் ஊசி குத்தின தழும்புகள், அங்கங்கே நீலம் பாரித்து இருந்தன. இரண்டு ஆம்பிளைகளுக்கு எதிரில் புருஷனின் வயிற்றைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றேன். வெட்கமெல்லாம் எங்கே போயிற்றோ.

பெரியவர் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. இளையவனிடம் தெலுங்கில் வேகமாக ஏதோ சொன்னார். அவன் தோள்பையிலிருந்து ஒரு மாம்பழ ஜூஸ் பாட்டிலை எடுத்தான். பாதி குடித்து வைத்தது.

வாங்கி இவர் வாய்க்குக் கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டார். முகத்தைத் திருப்பினார். கொஞ்சம் ஜூஸ் தாடையில் வழிந்து சட்டையில் கொட்டியது. இருந்ததே பாதி. இன்னொரு தடவை கொட்டினால் அவ்வளவுதான். இளையவன் இவர் தலையைப் பிடிக்க வந்தான். வேண்டாம் என்று தடுத்தேன். பிடித்து ஊற்றினால் புரையேறும்.

"எனக்கு வேணாம்மா" என்றார் குழறிக்கொண்டே. "நான் போவணும். அவளுக்கு பயம். சொல்லமாட்டா. வாய் மட்டும் காது வரைக்கும் நீளும். இருட்டுனா உள்ளுக்குள்ள நடுங்குவா. எனக்குத் தெரியும்."

நான் இருட்டுக்குப் பயந்தவள் என்று இதுவரை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. இந்தத் தொடரில்கூட எழுதியதில்லை. மின்வெட்டு வந்தால் என்னை அடுப்பங்கரையில் தனியாக விடாமல், தண்ணீர் வேண்டும், விசிறி வேண்டும் என்று ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பார். இந்த ஆளுக்கு ஒரு நிமிஷம் பொறுமை இல்லையே என்று அத்தனை வருஷமும் எரிந்து விழுந்திருக்கிறேன்.

அழுகை வந்தது. அழ நேரமில்லை.

துப்பட்டாவைத் தோளில் ஒழுங்காகப் போட்டுக்கொண்டேன். அவரிடமிருந்து ஒரு எட்டுத் தள்ளி, அந்நிய மனுஷி மாதிரி நின்றேன்.

"சார், உங்க வூட்டுக்காரம்மாவ நான் பாத்தேன்" என்றேன்.

சட்டென்று நிமிர்ந்தார். "எங்க?"

"கீழதான் உக்காந்திருக்காங்க. நல்லா இருக்காங்க. அவங்கதான் இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க. நீங்க குடிச்சாத்தான் பேசுவாங்களாம். இல்லனா பேச மாட்டாங்களாம்."

"கோவமா இருக்காளா?"

"ரொம்பக் கோவமா இருக்காங்க."

அவர் பாட்டிலுக்குக் கையை நீட்டினார். கை நடுங்கியதால் நான் அடியில் தாங்கிக்கொண்டேன். குழந்தை மருந்து குடிக்கிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வாய், இன்னொரு வாய் என்று முழுவதையும் குடித்தார். குடித்துவிட்டு, "சொல்லிடுங்க, குடிச்சிட்டேன்னு" என்றார்.

"சொல்லிடறேன் சார்."

பாறையில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன். பெரியவர் டார்ச்சை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டார். இளையவன் எங்கள் யாரையும் பார்க்காமல் தடியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான். மரமெல்லாம் மெல்லக் கறுத்தது. நான் அவருடைய முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நெற்றி வியர்வை காய்வதற்குக் காத்திருந்தேன். நின்றுவிடாதே, நின்றுவிடாதே என்று அந்த மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்தார். பாறையைப் பார்த்தார், காக்கிக்காரர்களைப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல் தலையை ஆட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை பார்வை என் முகத்தில் நின்றது.

உடனே புருவம் நெறிந்தது. வீட்டில் திட்டுகிற அதே குரல், அதே எரிச்சல்.

"எங்கடி போயிட்ட? எவ்ளோ நேரமா தேடறேன்."